எச் அழுத்தினால் தலைப்பு வர வேண்டும்: ஒரு டிக்கெட் மென்பொருளின் நிகழ்வு ஆய்வு

மூன்று முறை எச் அழுத்தினேன். ஒரு தலைப்பும் வரவில்லை. நான்காவது முறை விரல் போவதற்குள் பக்கத்து இருக்கையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணா, அந்த டிக்கெட்டை ஏன் ஹோல்டுல போடுறீங்க, எடுக்கிறீங்க, திரும்பப் போடுறீங்க? கஸ்டமருக்கு மூணு மெயில் போயிருக்கு."

நான் எதையும் ஹோல்டில் போடவில்லை. தலைப்பு தேடிக்கொண்டிருந்தேன். பார்வையற்றவர்களுக்காகக் கணினியைப் பேச வைக்கும் என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்களோடு வேலை செய்பவருக்கு இணையப் பக்கத்தில் எச் என்றால் அடுத்த தலைப்பு. யோசித்துச் செய்வதில்லை, விரலில் ஊறிய பழக்கம். அந்த மென்பொருளுக்கோ எச் என்றால் ஹோல்ட்: டிக்கெட்டை, அதாவது வாடிக்கையாளரின் புகார்ப் பதிவை, நிறுத்தி வை என்று பொருள். ஒரே எழுத்துக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினோம். அன்றைக்கு மென்பொருள் ஜெயித்தது.

அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம், எப்படி வெளியே வந்தோம் என்பதுதான் இந்தக் குறிப்பு. எனக்குப் பார்வை கிடையாது. வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் வேலை. விண்டோஸ் கணினி, என்விடிஏ, மடியில் ஒரு கீபோர்டு. வேலை முழுவதும் பிரவுசரில் திறக்கும் ஒரு டிக்கெட் மென்பொருளில் நடக்கிறது. அதற்குப் புதிய பதிப்பு வந்தது. நிறுவனம் எது, மென்பொருள் எது என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. இதே கோளாறுகளை வேறு வேறு இடங்களில் நிறையவே சந்தித்திருக்கிறேன்.

பழைய பதிப்பில் ஒரு நாள்

பழைய பதிப்பு பார்க்க அழகாக இருக்காது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அது தங்கம். பக்கம் திறந்ததும் டி அழுத்தினால் டிக்கெட் அட்டவணை. கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு கீழ் அம்பைத் தட்டினால் ஒரே நெடுவரிசையில் வரிவரியாக இறங்கலாம். வலது அம்பு தட்டினால் 'நிலை, திறந்தது', இன்னொரு தட்டு, 'பொறுப்பு, இன்னார்' என்று நெடுவரிசையின் பெயரோடு சேர்த்தே வரும். டிக்கெட்டைத் திறந்தபின் எச் அழுத்தினால் வாடிக்கையாளர் விவரம், மறுபடி எச் அழுத்தினால் உரையாடல். இ அழுத்தினால் பதில் எழுதும் பெட்டி. பி அழுத்தினால் பட்டன். பக்கத்தின் அமைப்பு தெரியாவிட்டால் இன்சர்ட்டும் எஃப்7-ம் சேர்த்து அழுத்தினால், தலைப்புகளும் இணைப்புகளும் ஒரு பட்டியலாக வந்து நிற்கும். ஒரு டிக்கெட்டை முடித்து அடுத்ததை எடுக்க எனக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

இந்த எழுத்து விசைகளெல்லாம் பிரவுஸ் மோடில் மட்டும்தான். என்விடிஏ பக்கத்தின் பிரதி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். நான் தட்டும் எழுத்துகளைத் தானே பிடித்துக்கொண்டு அந்தப் பிரதிக்குள் என்னை நகர்த்தும். எழுத வேண்டிய பெட்டிக்குள் போனால் ஃபோகஸ் மோடுக்கு மாறும். அப்போது எழுத்துகள் நேராக மென்பொருளுக்குப் போகும். மாறும்போது சின்னதாக ஓர் ஒலி கேட்கும், ஒவ்வொரு மோடுக்கும் ஒரு ஒலி. நாமாக மாற்ற வேண்டுமென்றால் இன்சர்ட்டும் ஸ்பேஸ்பாரும். புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறுகிற முதல் இடம் இதுதான். எச் என்று தட்டியதற்கு எச் என்ற எழுத்தே பெட்டிக்குள் விழுந்து கிடக்கும். நானும் ஆரம்பத்தில் பல மெயில்களை 'hhh' என்று தொடங்கி அனுப்பியிருக்கிறேன்.

நூற்றுக்கு நூறு

புதிய பதிப்பு வந்த அன்று காலையில் நான் எழுதிய புகார் ஒரே வரி: 'புதிய பதிப்பு ஸ்கிரீன் ரீடரில் வேலை செய்யவில்லை.' இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. 'வண்டி ஓடவில்லை' என்று மெக்கானிக்கிடம் சொல்வதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஆனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அந்தக் காலை. (எனக்குக் கண்ணைக் கட்டவும் வேண்டியதில்லை, காடு ஒன்று போதும்.)

அதைக் கவனிக்க வந்த டெவலப்பர் தம்பி நல்லவர், உழைப்பாளி. தானியங்கிப் பரிசோதனைக் கருவி ஒன்றை ஓட்டியிருக்கிறார். முதல் ஓட்டத்தில் சிவப்பாகக் குவிந்ததாம்: பெயரில்லாத பட்டன்கள். உடனே சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டினார். "நூத்துக்கு நூறு வந்திருச்சுண்ணா" என்றார்.

போய்ப் பார்த்தேன். முன்பு 'பட்டன், பட்டன், பட்டன்' என்று வந்த இடத்தில் இப்போது 'ஐகான் பட்டன், ஐகான் பட்டன், ஐகான் பட்டன்' என்று வந்தது. எல்லாப் பட்டன்களுக்கும் பொதுவாக ஒரே பெயரை வைத்துவிட்டார். கருவிக்கு ஒரு பெயர் இருந்தால் போதும். அந்தப் பெயரால் யாருக்காவது ஏதாவது விளங்குமா என்பது அதற்குத் தெரியாது. கருவியைக் குறை சொல்லவில்லை. பெயரே இல்லாததையும், படத்துக்கு விளக்கம் இல்லாததையும், நிற வேறுபாடு போதாததையும் நொடியில் பிடித்துக் கொடுக்கும். ஆனால் ஒரு பட்டனை அழுத்தியபின் அழுத்தியவர் எங்கே போய் நிற்கிறார் என்பதை அதனிடம் கேட்க முடியாது.

இதற்கிடையில் இன்னொரு குழப்பம். டிக்கெட்டின் நிலையை மாற்றும் பெட்டி வேலை செய்யவில்லை என்று நான் சொன்னேன். சோதனைக் குழுவில் ஒருவர் என்விடிஏ நிறுவி, சோதித்து, 'எண்டர் அழுத்தினால் திறக்கிறதே' என்று எழுதினார். இரண்டுமே உண்மை. எப்படி என்பது பின்னால் வரும்.

அப்புறம்தான் அந்த ஹோல்ட் விவகாரம். தம்பி எங்கேயோ தேடி, 'இது சாதாரணப் பக்கம் இல்லை, மென்பொருள்' என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ஒரு குறியீடு இருப்பதைக் கண்டுபிடித்தார். 'அப்ளிகேஷன்' என்கிற ரோல். சரி, நம்முடையது மென்பொருள்தானே என்று பக்கம் மொத்தத்துக்கும் போட்டுவிட்டார். அந்த ரோலைக் கண்டதும் திரைவாசிப்பான் பிரவுஸ் மோடை விட்டு ஒதுங்கிக்கொள்ளும்; எழுத்துகளெல்லாம் மென்பொருளுக்கே போகும். அந்தப் பதிப்பில் ஒற்றை எழுத்துக் குறுக்குவழிகள் ஏராளமாக இருந்தன. எச் என்றால் ஹோல்ட், ஆர் என்றால் பதில், சி என்றால் டிக்கெட்டை மூடு. நல்லவேளை, நான் தேடியது தலைப்பு. ட்ராப்டவுன் பெட்டி தேடி சி தட்டியிருந்தால் வாடிக்கையாளருக்கு வேறு மாதிரி மெயில் போயிருக்கும்.

மானிட்டரை அணைத்த மதியம்

மறுநாள் அந்த ரோலை நீக்கச் சொல்லிவிட்டு, தம்பியை என் இருக்கையில் உட்கார வைத்தேன். மானிட்டரை அணைத்தேன். மவுஸைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். என்விடிஏவின் வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். என் வேகம் மற்றவர்களுக்குக் கேசட்டை வேகமாக ஓட்டினாற்போல இருக்கும். அது பேசுவதை எழுத்தாகக் காட்டும் ஸ்பீச் வியூவர் என்று ஒன்று உண்டு, அதைத் திறக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தேர்வில் பார்த்து எழுதின மாதிரி ஆகிவிடும்.

கொடுத்த வேலை சின்னது: ஒரு டிக்கெட்டைத் திற, ஒரு வரி பதில் எழுது, நிலையை 'தீர்ந்தது' என்று மாற்று, வேறொருவர் பொறுப்பில் விடு, சேமி. பார்த்துச் செய்தால் நான்கு கிளிக்.

ஆரம்பிக்கும் முன்பே கேட்டார்: "ஸ்கிரீன்ல இருக்கிறதை இது பார்க்குதுல்லண்ணா?"

"பார்க்கலப்பா. பிரவுசர் சொல்றதைக் கேட்குது."

இந்த இடம் புரியாமல் மேலே எதுவும் புரியாது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் திரை முழுக்க எழுத்துதான். திரையின் நினைவகத்தில் இருந்த எழுத்துகளை எடுத்து அப்படியே பேசினால் போதும். டெட் ஹென்டரின் ஜாஸ் 1989-இல் வந்தபோது உலகம் அப்படித்தான் இருந்தது. விண்டோஸ் வந்ததும் திரை படமாகிவிட்டது. பட்டன் என்பது நான்கு கோடும் கொஞ்சம் நிழலும். அதன்பின் மென்பொருளே 'இது பட்டன், இதன் பெயர் சேமி, இப்போது அழுத்த முடியாத நிலையில் இருக்கிறது' என்று சொல்வதற்கான வழிகள் உருவாயின. 1997-இல் மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் அக்சஸபிலிட்டி, பிறகு யூஐ ஆட்டோமேஷன், ஐ-அக்சஸபிள்2. மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்விடிஏவும் இந்த வழிகளில்தான் கேட்டுப் பேசுகிறது. பிரவுசர் பக்கத்துக்கு இணையாக ஒரு மரத்தைக் கட்டி வைத்திருக்கும். ஒவ்வொரு கிளையிலும் பெயர், வகை, நிலை. கண்ணுக்குப் பட்டன் மாதிரி வரைந்த ஒன்று அந்த மரத்தில் வெறும் எழுத்தாக இருந்தால், எனக்கும் அது வெறும் எழுத்துதான்.

தம்பி டேப் அழுத்தத் தொடங்கினார். இணைப்பு, இணைப்பு, இணைப்பு. இடது ஓரத்து மெனுவில் முப்பத்தெட்டு இணைப்புகள் இருந்தன. 'நேராக உள்ளடக்கத்துக்குப் போ' என்ற இணைப்பு இல்லை. அது முடிந்ததும் 'ஐகான் பட்டன்' ஐந்து. முதலாவதில் சிரித்தார். மூன்றாவதில் சிரிக்கவில்லை.

நிலைப் பெட்டியை டேப் தாண்டிக்கொண்டே போனது. நான்கு சுற்று. "இல்லவே இல்லையேண்ணா" என்றார். அம்பு விசையால் வரிவரியாக இறங்கச் சொன்னேன். 'திறந்தது, கிளிக்கபிள்' என்றது என்விடிஏ. எழுத்து, அதன்மேல் கிளிக் செய்தால் ஏதோ நடக்கும் என்று பொருள். எண்டர் அழுத்தினார். அமைதி.

அந்தச் சோதனையாளர் சொன்னதும் நான் சொன்னதும் இங்கேதான் சந்திக்கின்றன. அந்தப் பெட்டி பட்டனே இல்லை. கிளிக்கைக் கவனிக்கும் வெறும் டிவ், தனக்கென வகை எதுவும் இல்லாத ஒரு கட்டம். டேப்பால் அங்கே போக முடியாது. ஆனால் பிரவுஸ் மோடில் அம்பு விசையால் போய் எண்டர் தட்டினால் என்விடிஏ தன் பங்குக்கு ஒரு மவுஸ் கிளிக்கைப் போலியாக அனுப்பும். பட்டியல் திறக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே சோதித்தவருக்கு அது திறந்தது தெரிந்தது. காதால் மட்டும் கேட்ட எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. திரைவாசிப்பான் இல்லாமல், கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாமல், கீபோர்டு மட்டும் வைத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு அந்தப் போலிக் கிளிக்கும் கிடையாது. திரைவாசிப்பான் இங்கே கோளாறை மறைத்துவிட்டது என்றே சொல்வேன்.

"பட்டியல் எங்க போச்சு?" என்றார்.

கண்ட்ரோல் எண்ட் அழுத்தி, பக்கத்தின் கடைசிக்குப் போய், மேல் அம்பு தட்டச் சொன்னேன். இருந்தது: 'தீர்ந்தது, நிலுவை, திறந்தது.' திரையில் பெட்டிக்கு நேர் கீழே தெரிகிற அந்தப் பட்டியல், மரத்தில் பக்கத்தின் கடைக்கோடியில் ஒட்டப்பட்டிருந்தது.

"எப்படிண்ணா கண்டுபிடிச்சீங்க?"

"தொலைஞ்ச சாமான் எல்லாம் மூலையிலதானே கிடக்கும்."

அடுத்தது பொறுப்பு மாற்றும் பட்டன். அது உண்மையான பட்டன், எண்டருக்குத் திறந்தது. திரையின் நடுவே ஒரு சிறு ஜன்னல், பின்னால் எல்லாம் மங்கல். மங்கலாக்கியது கண்ணுக்கு மட்டும். ஃபோகஸ், அதாவது தட்டும் விசைகள் போய்ச் சேரும் இடம், பின்னாலேயே நின்றது. தம்பி டேப் தட்டினார். 'கடைசியாகக் கையாண்டவர், இணைப்பு' என்று கேட்டது. ஜன்னலுக்குள் ஆள் பெயர்ப் பட்டியலுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து எண்டர் தட்டினார். பக்கமே மாறி வேறொருவரின் விவரப் பக்கம் திறந்துவிட்டது. பாதி எழுதிய பதில் போனது. இரண்டாம் முறை, நான் சொல்லச் சொல்ல, பக்கத்தின் கடைசியில் தேடி அந்த ஜன்னலுக்குள் நுழைந்தார், ஆளைத் தேர்ந்தெடுத்தார். ஜன்னல் மூடியது. மூடியதும் இருந்த இடம் தொலைந்து பக்கத்தின் தலைமாட்டுக்கு வந்தார். மறுபடி முப்பத்தெட்டு இணைப்புகள்.

கடைசியில் சேமி பட்டன். அழுத்தினார். கிணற்றில் போட்ட கல். மறுபடி அழுத்தினார். மறுபடியும் கல். மானிட்டரைப் போட்டபோது ஒரே பதில் இரண்டு முறை போயிருந்தது. 'சேமிக்கப்பட்டது' என்ற செய்தி திரையின் மூலையில் மூன்று நொடி வந்து மறைந்திருக்கிறது, இரண்டு தடவையும்.

நான்கு கிளிக் வேலைக்கு அரை மணி நேரம் தாண்டியிருந்தது.

மூன்று பத்தி அட்டவணை

அன்று மாலை அவர் ஒரு நீண்ட பட்டியல் போட்டார்: ரோல் தவறு, பெயர் தவறு, டேப் வரிசை தவறு. நான் வேறொன்று கேட்டேன். ஒவ்வொரு விசைக்குப் பிறகும் ஒரே கேள்வி: இப்போது ஃபோகஸ் எங்கே? என்விடிஏவில் இன்சர்ட்டும் டேப்பும் சேர்த்து அழுத்தினால் அதற்குப் பதில் சொல்லும். பார்வையுள்ளவர் திரை முழுவதையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். நான் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கிறேன். அந்த இடம் எது என்று தெரியாவிட்டால் மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் எனக்குப் பயனில்லை.

அதிலிருந்து ஓர் அட்டவணை பிறந்தது. மூன்றே பத்தி (நெடுவரிசை): அழுத்தியது, கேட்டது, கேட்டிருக்க வேண்டியது. ஒரு வரி இப்படி இருந்தது. அழுத்தியது: பொறுப்பு மாற்று பட்டனில் எண்டர். கேட்டது: ஒன்றுமில்லை, இன்சர்ட் டேப் அழுத்தினால் அதே பட்டன். கேட்டிருக்க வேண்டியது: 'பொறுப்பு மாற்று, டயலாக், ஆளைத் தேடு, எழுதும் பெட்டி.' என் பழைய ஒற்றை வரிப் புகாரோடு ஒப்பிட்டால், இதை வைத்து ஒருவர் அன்றே வேலையைத் தொடங்கிவிடலாம். புகார் எழுதுவதும் ஒரு கைத்தொழில். அதில் நான் இத்தனை வருடம் கற்றுக்குட்டியாக இருந்திருக்கிறேன்.

சரிசெய்ததில் பெரும்பகுதி குறியீட்டைக் கூட்டியது அல்ல, குறைத்தது. ஏரியா (ARIA) என்று ஒரு தொகுப்பு உண்டு, ஓர் உறுப்பு என்ன வகை என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ரோல்களும் நிலைகளும் சேர்ந்தது. (பெயரைக் கேட்டதும் 'எந்த ஏரியா' என்று கேட்காதவர் எங்கள் குழுவில் இல்லை.) அதைப் பயன்படுத்துவதற்கான முதல் விதியே, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான சாதாரண எச்டிஎம்எல்லில் அந்த உறுப்பு இருந்தால் ஏரியாவை விட்டு அதையே பயன்படுத்து என்பதுதான். ஜன்னலை எச்டிஎம்எல்லின் டயலாக் உறுப்பாக மாற்றி, முறையாக மோடலாகத் திறந்ததும் பாதித் தலைவலி தீர்ந்தது: ஃபோகஸ் உள்ளே போனது, பின்னணி தொட முடியாததானது, எஸ்கேப்புக்கு மூடியது, மூடியதும் ஃபோகஸ் திறந்த பட்டனுக்கே திரும்பியது. இவற்றையெல்லாம் கையால் எழுதியிருந்தால் நான்கில் ஒன்றை யாராவது மறந்திருப்பார்கள். டிவ்களால் கட்டிய பட்டியல் மறுபடி உண்மையான அட்டவணையானது. பட்டன்களுக்கு அவற்றின் வேலையே பெயரானது. உள்ளடக்கத்துக்குத் தாவும் இணைப்பு முதல் டேப்பிலேயே வந்தது.

நிலைப் பெட்டியில்தான் நாங்கள் இடறினோம். அதைச் சாதாரண செலக்ட் பெட்டியாக மாற்றச் சொன்னேன். தோற்றம் கெடுகிறது என்று வடிவமைப்பாளர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டார், பிறகு சம்மதித்தார். மாற்றினோம். டேப்பில் வந்தது, 'நிலை, காம்போ பாக்ஸ், திறந்தது' என்று அழகாகப் பேசியது. நான் 'தீர்ந்தது' என்பதற்குப் போகக் கீழ் அம்பை இரண்டு முறை தட்டினேன். உடனே வாடிக்கையாளருக்கு 'உங்கள் டிக்கெட் நிலுவையில் வைக்கப்பட்டது' என்று ஒரு மெயில், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு 'தீர்ந்தது' என்று இன்னொன்று. விண்டோஸில் மூடியிருக்கும் செலக்ட் பெட்டியில் ஒவ்வோர் அம்புத் தட்டும் மதிப்பை மாற்றும். மென்பொருளோ மதிப்பு மாறிய நொடியில் அதைச் சேமிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. மவுஸால் திறந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பவருக்கு வழியிலுள்ள மற்றவை தடுக்காது. கீபோர்டில் போகிறவர் ஒவ்வொன்றையும் மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆல்ட்டும் கீழ் அம்பும் சேர்த்து அழுத்தி முதலில் பட்டியலைத் திறந்துகொண்டால் தப்பிக்கலாம். ஆனால் அதைப் பயனர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை. வலை அணுகல் நெறிமுறையில், டபிள்யூசிஏஜி என்பார்கள், 3.2.2 என்று ஒரு விதி இதற்காகவே இருக்கிறது: மதிப்பை மாற்றியதால் மட்டும், முன்கூட்டிச் சொல்லாமல், சூழல் மாறிவிடக் கூடாது. எங்கள் மெயில் அந்த விதியின் எழுத்துக்குள் அடங்குமா என்று வாதாடலாம். வாடிக்கையாளர் வாதாடவில்லை, தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினார். மாற்றம் இப்போது சேமி பட்டனோடுதான் போகிறது.

ஒற்றை எழுத்துக் குறுக்குவழிகளை எடுத்துவிடச் சொல்லவில்லை. பார்த்து வேலை செய்யும் சிலருக்கு அவை உயிர். 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1-இல் 2.1.4 என்ற விதி இதைத்தான் சொல்கிறது: அணைக்க முடிய வேண்டும், அல்லது கண்ட்ரோல் போன்ற விசையோடு சேர்த்து மாற்றிக்கொள்ள முடிய வேண்டும், அல்லது அந்த உறுப்பில் ஃபோகஸ் இருக்கும்போது மட்டும் வேலை செய்ய வேண்டும். அமைப்புகளில் ஓர் அணைப்பான் வைத்தார்கள். குரலால் கணினியை இயக்குபவர்களுக்கும் இது தேவைப்படும் என்பது எனக்கே பின்னால்தான் உறைத்தது. அவர்கள் சொல்லும் ஒரு சொல் எழுத்தெழுத்தாக விழுந்தால் எத்தனை டிக்கெட் மூடும்!

அமைதிக்குப் பிறகு இரைச்சல்

சேமித்த செய்தியைப் பேச வைப்பதில் தம்பிக்கு ஆர்வம் கூடிவிட்டது. அந்தச் செய்திக்கு 'ஸ்டேட்டஸ்' ரோல் கொடுத்தார். சில நேரம் பேசியது, சில நேரம் பேசவில்லை. காரணம், செய்தி வரும்போதெல்லாம் பெட்டியையும் சேர்த்துப் புதிதாக உருவாக்கிக்கொண்டிருந்தார். காலிப் பெட்டி முன்கூட்டியே பக்கத்தில் இருந்து, அதற்குள் எழுத்து வந்து விழுந்தால்தான் திரைவாசிப்பான் நம்பகமாகக் கவனிக்கும். அதைச் சொல்வதற்குள் அவர் பொறுமையிழந்து எல்லாவற்றையும் 'அலர்ட்' ஆக்கிவிட்டார்.

அலர்ட் என்பது பேச்சை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். நான் வாடிக்கையாளரின் நீண்ட கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன், 'வரைவு சேமிக்கப்பட்டது.' விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். 'புதிய டிக்கெட் வந்துள்ளது.' கண்ட்ரோல் தட்டி அதன் வாயை மூடுவேன், 'வரைவு சேமிக்கப்பட்டது.' மதியத்துக்குள் தலை கிறுகிறுத்தது. முன்பு வாயே திறக்காத மென்பொருள் இப்போது வாயை மூடவில்லை.

ஒன்றொன்றாக உட்கார்ந்து பிரித்தோம். நான் கேட்டுச் செய்ததன் விளைவு என்றால் மென்மையாகச் சொல்லட்டும். நான் கேட்காமல் தானாக நடப்பது என்றால் பேசவே வேண்டாம், தேடிப் போனால் கிடைக்கட்டும். சேமிக்க முடியாமல் போனால் மட்டும் வெட்டிக்கொண்டு வரலாம். இதற்கு எந்தக் கருவியும் உதவவில்லை. அரை நாள் காதைக் கொடுத்துக் கேட்டதுதான் உதவியது.

நடுவில் தற்செயலாக மாட்டிய ஒன்று: தமிழில் வந்த கடிதங்கள். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்ததால், என் ஆங்கிலக் குரல் தமிழ் வரிகளை அப்படியே விழுங்கிவிட்டு நடுவிலிருந்த எண்களை மட்டும் வாசித்தது. முழுக் கடிதம் 'இரண்டு, நான்காயிரத்து ஐந்நூறு, பதினேழு' என்று கேட்டது. கடிதம் இருக்கும் பகுதிக்குத் தமிழ் என்று மொழிக்குறி போட்டதும் என்விடிஏ தமிழ்க் குரலுக்கு மாறிப் பேசியது. ஒற்றைச் சொல் திருத்தம். இதுவரை எத்தனை தமிழ்க் கடிதங்களை நான் வேறொருவரிடம் தள்ளிவிட்டிருப்பேன் என்று அன்று தோன்றியது.

மிச்சம்

இரண்டு மாதத்தில் பழைய வேகத்துக்குத் திரும்பினேன், ஓரிரு இடம் தவிர. அறிக்கைப் பக்கத்து வரைபடங்கள் இன்னும் எனக்கு 'கிராஃபிக்'தான்; கீழே அதே எண்களை அட்டவணையாகப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய மிச்சம் கார்டுப் பலகை. டிக்கெட்டுகளைக் கார்டுகளாக்கி, ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்கு மவுஸால் இழுத்துப் போடும் திரை. இழுப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு கார்டிலும் 'நகர்த்து' என்று ஒரு மெனு வைத்தார்கள். அது கீபோர்டுக்கு மட்டும் உதவவில்லை. தொடுதிரையில் இழுக்க முடியாமல் திண்டாடிய ஒரு சக ஊழியரும் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறார். மெனு திறக்கிறது, பத்திகளின் பெயரை வாசிக்கிறது, எண்டருக்குக் கார்டு நகர்கிறது. ஆனால் நகரும்போது பழைய கார்டை அழித்துவிட்டுப் புதிய பத்தியில் புதிதாக ஒன்றை வரைகிறார்கள். அழித்த கார்டோடு ஃபோகஸும் போய்விடுகிறது.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அட்டவணையைத் திறந்தபோது கடைசி வரியாகத் தம்பியே எழுதி வைத்திருந்தார், மானிட்டரை அணைத்துவிட்டுச் சோதித்தது என்ற குறிப்போடு. அழுத்தியது: நகர்த்து மெனுவில் எண்டர். கேட்டது: ஒன்றுமில்லை. கேட்டிருக்க வேண்டியது: கார்டின் பெயர், புதிய பத்தியின் பெயர். நிலை: திறந்தது.